ஞாயித்துக்கிழமை நிக்கிற கம்ப்யூட்டரு

பாத்துங்க தம்பி, கால் பட்டுரப் போகுது. பயப்படாதீங்க, கம்ப்யூட்டருதான். பழைய வேட்டியில சுத்தி மடியில வெச்சிருக்கறதப் பாத்துட்டு, கண்டக்டரு இதென்ன பேட்டரியான்னு கேட்டான். பேட்டரின்னா ஆசிட் ஊத்தும், எறங்குன்னான். முடிச்ச அவுத்துக் காட்டுன பொறகுதான் டிக்கெட்டே கிழிச்சான். அதுலயும் எச்சா ஒரு லக்கேஜ் டிக்கெட். மடியில இருக்கற சாமானுக்கு லக்கேஜ் எப்படீங்க ஆகும்? கேட்டாக் கத்தறான். சரி போன்னு உட்டுட்டேன். இன்னைக்கு எனக்குச் சண்டை புடிக்க நேரமில்ல.

நீங்க கோயமுத்தூருங்களா? அந்தப் பையில இருக்கறது லேப்டாப்புதானுங்களே? நெனச்சேன். கம்ப்யூட்டர் கம்பெனியில வேலைங்களா? அப்ப நெம்ப நல்லதாப் போச்சு. உங்ககிட்ட ஒரு சந்தேகம் கேக்கோணும். இப்பக் கேட்டா வெளங்காது, மொதல்ல இருந்து சொல்லிட்டுக் கேக்கறேன். தூக்கம் வந்தாச் சொல்லிப் போடுங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.

இந்த பஸ்ஸு பொள்ளாச்சியில எத்தன நேரம் நிக்கும்? ஸ்டாண்டுக்குள்ள போனா டீ குடிக்கப் போயிருவானுங்க. கோயமுத்தூர்ல இத ரிப்பேர் பாக்கற கடை ஒரு மணிக்கு மேல சாப்பாட்டுக்குச் சாத்திருவாங்களாம். இவன் போற போக்கப் பாத்தா நாம எறங்கித் தள்ளோணும் போல இருக்குது.

என் பேரு சென்னியப்பனுங்க. உடுமலைப் பக்கம். ஸ்பின்னிங் மில்லுல மெயின்டனன்ஸ் சூப்பர்வைசரா இருந்து ரிட்டையர் ஆனவன். அதனாலதான் இந்தக் கத்துக் கத்திப் பேசறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. மெஷின் சத்தத்துக்குள்ளயே காலத்தக் கழிச்சவனுக்கு மெதுவாப் பேச வராது. எங்கூட்டுல ரகசியம்னு ஒண்ணு கெடையாதும்பா ஊட்டுக்காரி. நான் ரகசியம் பேசுனா நாலு ஊட்டுக்கு அக்கட்ட இருக்கறவனும் பதில் சொல்லுவானாம்.

எங்க மில்லுல ஒரு மெஷின் திடுதிப்புனு நின்னுச்சுன்னா, மொதல்ல அத ஓட்டற புள்ள மேலதான் பழியப் போடுவாங்க. நான் போட உடமாட்டேன். பெல்ட்டப் பாரு, பேரிங்கப் பாரு, மோட்டாரப் பாரு, எல்லாத்தையும் பாத்துட்டுக் கடைசியா ஆளப் பாரு. இதுதானுங்க என்ர கணக்கு. ஆளப் பாக்கற வேலையே எனக்கு வந்ததில்ல. அதுக்குள்ள கோளாறு மெஷின்லயே மாட்டிரும். மனுசன் பொய் சொல்லுவான், மெஷின் சொல்லாதுங்க.

இந்தப் பொட்டி எம்பொண்ணு வாங்கிக் குடுத்தது. யமுனான்னு பேரு, ஒரே பொண்ணு. அயர்லாந்துல இருக்கறா, கம்பெனியில அனுப்பி வெச்சாங்க. போறதுக்கு முந்தி இத வாங்கி ஹாலு மேசை மேல வெச்சு, கேமரா மாட்டி, எங்க அமுக்கோணும், எப்படிப் பேசோணும்னு சொல்லிக் குடுத்துட்டுத்தான் பிளேன் ஏறுனா. போனு சின்னதுங்கப்பா, பெரிய ஸ்கிரீன்ல என்ர மூஞ்சியப் பாருங்கன்னா. வாரா வாரம் ஞாயித்துக்கிழமை மத்தியானம் சோறு உண்டுட்டு நாங்க உக்காருவோம். அங்க அவளுக்குக் காலையில. தலையக்கூடச் சீவாம காப்பிக் கிளாசோட வந்து உக்காருவா. பாக்கறதுக்கு நல்லாருக்குமுங்க. சின்னப் புள்ளையில பள்ளிக்கோடம் லீவு உட்டா எந்திரிச்சு வருவா பாருங்க, அதே மூஞ்சி.

மொத வருசம் இது பண்ணுன கூத்து இருக்குதே. நல்லாப் பேசிட்டே இருப்போம், பொசுக்குனு நின்னுரும். மவுசுங்கறாங்களே, அந்த எலியப் புடிச்சு இழுத்தா நகராது. கீழ மூலையில மணி காட்டுது பாருங்க, அதுவும் ஓடாது. பட்டன அமுக்கிப் புடிச்சு அணைச்சு மறுக்கா போட்டாத்தான் வரும். அந்நேரம் அவ ஸ்கிரீன்ல நான் நின்னுருப்பேன். ‘அப்பா, நீங்க வாயத் தொறந்தாப்புலயே நிக்கறீங்க’ன்னு அப்புறமேல்ட்டு போன்ல சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. அத போட்டோப் புடிச்சே அனுப்பிச்சிருந்தா ஒருக்கா. அரைக் கண்ணு மூடி, வாய் கோணி. பேய் மாதிரி இருக்கறேன்.

உடுவனா? வேலையில எறங்கிட்டேன். மிக்சி ஓடறப்ப நிக்குதான்னு பாத்தேன். இல்ல. இன்வெர்ட்டர்ல இருந்து வயரு மாத்திப் போட்டுப் பாத்தேன். மெமரிய உருவி, கால்காலா இருக்குதே அந்த எடத்த அழி ரப்பர் போட்டுத் தேச்சு மாட்டுனேன். யூட்யூப்புல ஒரு பையன் சொன்னான். அதுலயும் சரியாகல. ஒரு நாள் பக்கத்துத் தகட்டக் கழட்டி உள்ள தொட்டுப் பாத்தேன் பாருங்க, தோசக்கல்லுங்க. விரல் கொப்புளிச்சுப் போச்சு.

காரணம் என்னன்னு நெனக்கறீங்க? ருக்குமணி, எங்கூட்டம்மா. தூசி படியுதுன்னு அவளோட பழைய பட்டுச் சீலையில இதுக்கு ஒரு சட்டை தெச்சுப் போட்டிருந்தா. சுத்தியும் சுருக்கு வெச்சு, பட்டனுக்கு மட்டும் ஒரு ஓட்டை. பொண்ணு வாங்கிக் குடுத்ததாச்சேன்னு ஆசையாத் தெச்சது. அதுக்குள்ள இது மூச்சு முட்டி வெந்துட்டு இருந்திருக்குது. சட்டையக் கழட்டி, ஃபேன்ல இருந்த தூசிய ஊதி, சூடு தணிக்கற வெள்ளப் பசை ஒண்ணு இருக்குதே, அதையுந் தடவி வெச்சேன். அவ்வளவுதான். அப்புறம் ஒரு வாரம் பகல் பூராவும் பழைய பாட்டு, மாரியாத்தா கோயல் தேர் வீடியோன்னு ஓட உட்டு லோடு டெஸ்ட்டு பாத்தேன். ஒருக்காக்கூட நிக்கல. அந்தச் சட்டைய இப்பத் தையல் மெஷினுக்குப் போட்டு வெச்சிருக்கறா. அதுக்கு மூச்சு வேண்டாம்.

கோமங்கலம் தாண்டியாச்சுங்களா? இன்னும் இல்லையா. கெரகம்.

சரி, இங்கதான் வெவகாரமே. அத்தன சரி பண்ணுன பொறகும் அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை நின்னுச்சு. ஆனா இது வேற ரகமுங்க. எலி நகருது. மணி ஓடுது. யமுனா மட்டும் நிக்கறா. காப்பிக் கிளாசப் புடிச்சபடியே, கண்ணத் தொறந்தபடியே, சிலையாட்டம். என்ர மூஞ்சி ஓரத்துல சின்னதாத் தெரியும் பாருங்க, அது ஆடுது. அவ ஆடல. கண்ணு கண்ணுன்னு கூப்புட்டுப் பாத்தேன், பதிலில்ல. கொஞ்ச நேரத்துல டப்புனு கட்டாயிருச்சு. போன் பண்ணுனா, ‘ஆமாங்கப்பா, ஹேங் ஆயிருச்சு, உங்க சிஸ்டத்தப் பாருங்க’ன்னா.

என்ன பேசிட்டு இருந்தப்பன்னு கேக்கறீங்களா? அதுக்கும் இதுக்கும் சம்மந்தமில்லீங்க. மாப்பிள்ள போன் பண்ணுனாருன்னு சொல்லிட்டு இருந்தேன்.

மாப்பிள்ள இங்கதான் இருக்கறாரு, பெங்களூருல. தினகருன்னு பேரு. நல்ல வேலை, நல்ல குடும்பம், நான் தேடிப் புடிச்ச எடம். ரெண்டு பேருத்துக்கும் கொஞ்சம் ஒத்து வரல. அது எந்த ஊட்டுல இல்லீங்க? கை நீட்டுனதெல்லாம் கெடையாது, அதச் சொல்லிப் போடோணும். கோவம் வந்தாத்தான் கொஞ்சம் முன்னப் பின்ன. இவளோட போன வாங்கிப் பாப்பாராம், ஆருகூடப் பேசுனேன்னு கேப்பாராம். ஒருக்கா ஏதோ வாய்ச் சண்டையில இவள வெளிய நிறுத்திக் கதவச் சாத்திட்டாராம், பால்காரன் வர்ற வரைக்கும் மாடிப்படியிலயே உக்காந்திருந்தாளாம். இவ அன்னைக்கே ஊட்டுக்கு வந்தா. நான்தான் புத்தி சொல்லித் திருப்பிக் கொண்டு போய் உட்டேன். அப்புறம் ஆறு மாசத்துல இந்த அயர்லாந்து வேலைய வாங்கிட்டு, ஆருகிட்டயும் சொல்லாம எல்லாத்தையும் முடிச்சுட்டுத்தான் எங்ககிட்டயே சொன்னா. ஒரு பார்ட்டு தேஞ்சா பார்ட்ட மாத்தறதா, மெஷினையே தூக்கி வீசறதா? நீங்களே சொல்லுங்க.

நான் ஊருக்குள்ள மாப்பிள்ளையும் அங்க போயிட்டாருன்னு சொல்லி வெச்சுட்டேன். ஊர் வாய மூட உலைமூடி இல்லைங்களே. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணுங்கறாங்க. நான் பண்ணி வெச்ச கல்யாணத்தக் காப்பாத்த ஒரு பொய்தான் சொன்னேன்.

இருக்கட்டும், அத உடுங்க. கம்ப்யூட்டருக்கு வாரேன்.

மறு வாரமும் நின்னுச்சு. அன்னைக்கு நான் கொலதெய்வத்துக்கு ஒரு பொங்கல் வெக்கறதப் பத்தி, ரெண்டு பேரும் ஒட்டுக்கா வந்து நின்னாச் சரியாயிரும்னு சொல்லிட்டு இருந்தேன். அதுக்கடுத்த வாரம் நிக்கல. அன்னைக்கு அவங்க ஊரு மழை, எங்கூட்டு முருங்கைன்னு வெயில் எறங்கற வரைக்கும் பேசுனோம், கெட்டியா ஓடுச்சு. சரியாப் போச்சுன்னு நெனச்சு, கடைசியில மாப்பிள்ளைக்குப் பொறந்த நாளு வருது, ஒரு வார்த்த பேசீரு கண்ணுன்னேன். நின்னு போச்சு. எப்ப ஓடும், எப்ப நிக்கும்னு ஒரு கணக்குக்குள்ளயே வர மாட்டீங்குதுங்க. மெஷினுன்னா ஒரு கணக்கு இருக்கோணுமில்ல.

உடுமலையில ஒரு கடைப் பையன்கிட்டக் காட்டுனேன். ரெண்டு நாள் வெச்சிருந்தான். ஒண்ணுமே இல்லீங்க அங்கிள், நெட்டா இருக்கும்னான். நெட்டுக்காரனக் கூப்புட்டா லைன் சுத்தமா இருக்குதுன்னான். மறுக்கா கடைப் பையன்கிட்டப் போயி, எலி நகருது, மணி ஓடுது, சன்னல் சீலையும் ஆடுது, பொண்ணு மட்டும் நிக்கறான்னு வெவரமாச் சொன்னேன். ஆமாங்க, சீலை ஆடுச்சு. அவளுக்குப் பின்னால சன்னல் இருக்குது, காத்துக்கு அது பாட்டுக்கு ஆடிட்டுத்தான் இருந்துச்சு. அந்தப் பையன் என்னைய ஒரு மாதிரியாப் பாத்தான். ஃபேனத் தொடச்சுக் குடுத்துட்டு, போயிட்டு வாங்க அங்கிள்னுட்டான். தெரியாத வேலைய எடுத்தா இப்படித்தான், தெரியலைன்னு சொல்ல வாய் வராது.

இன்னொண்ணு கேளுங்க, இதுதான் ஆச்சரியம். நான் எந்திரிச்சுப் போயி மோடத்த அணைச்சுப் போடலாம்னு அந்தப் பக்கம் போனா, இங்க படம் ஓட ஆரம்பிச்சுருது. யமுனா ருக்குமணிகிட்டப் பேசற சத்தங் கேக்குது. ‘சாப்பிட்டயா, இளைச்சுட்டயே’ன்னு இவ கேக்கறா. ஓடி வந்து உக்காந்தா நின்னுருது. யோசிச்சுப் பாத்தேன். என்ர நாற்காலிக்கு அடியில ஒரு டைல்ஸு கல்லு தூக்கிட்டு நிக்குது. நான் கனமான ஆளு, ருக்குமணி பூஞ்சை. நான் உக்காந்தா அதுர்ச்சி மேசைக்குப் போகுது, எங்கயோ லூஸ் கான்டாக்ட்டு ஆகுது. மில்லுல அதுர்ச்சிக்குத்தான் பாதி மெஷின் கெடும். மேசைக் காலுக்கு அட்டைய மடிச்சு வெச்சேன், டைல்ஸயே பேத்துச் சிமிட்டி போட்டேன். ருக்குமணி சொல்றா, ‘ஏனுங்க, நீங்க செத்த வாய மூடிட்டு இருந்தாப் போதும், அது தானா ஓடும்’னு. அவளுக்கு மெஷினப் பத்தி என்ன தெரியும். வாய்க்கும் வயருக்கும் என்ன சம்மந்தம்.

பொள்ளாச்சி வந்துருச்சு. எறங்கி டீ குடிக்கறீங்களா? வேண்டாம், உக்காருங்க. எறங்குனா எடம் போயிரும். நானும் எறங்கல. இந்தப் பொட்டிய உட்டுட்டு எங்கயும் போறதுக்கில்ல.

பாத்தீங்களா, சொன்னேனில்ல. டிரைவரு டீக்கடைக்குப் போறான். தூக்குப்போசி வேற எடுத்துட்டுப் போறான்.

இப்ப இவ்வளவு அவசரம் எதுக்குன்னா, ஊட்டுல ஒரு கல்யாணம் வருதுங்க. என்ர அண்ணன் பையன் நந்தகுமாருக்கு. நீங்க நம்ம பக்கந்தானே, இணைச்சீரு தெரியுமுங்களா? மாப்பிள்ளைக்குத் தாலி கட்டறதுக்கு முந்தி அவனோட கூடப் பொறந்தவள மணையில பக்கத்துல வெச்சுச் செய்யற சீரு. கூரைச் சீலைய அவதான் ஏந்திட்டு நிக்கோணும். அவ நிக்காம அந்தக் கல்யாணம் நம்மள்ல கல்யாணமே இல்ல. நந்தகுமாருக்குக் கூடப் பொறந்தவ இல்ல. எங்க யமுனாதான் தங்கச்சி. பாவாட சட்ட போட்ட நாள்ல இருந்து, ‘அண்ணனுக்கு இணைச்சீரு நான்தான்’னு சொல்லிட்டுத் திரிஞ்ச புள்ள. ஊருக் கல்யாணத்துல ஆராவது செஞ்சா முன்னால போயி உக்காந்துட்டுப் பாத்துட்டே இருப்பா.

மூணு ஞாயித்துக்கிழமைக்கு முந்தி ஸ்கிரீன்ல வந்தவ, வந்தவொடனே ஒரே சிரிப்பு. லீவு குடுத்துட்டாங்கப்பா, டிக்கெட் போடப் போறேன், அண்ணன்கிட்டச் சொல்லிட்டேன்ங்கறா. அம்மா, எனக்கு அரக்குக் கலர்ல சீல எடுத்து வெய்யிங்கறா. அவ அம்மாளுக்குத் தரையில கால் பாவல. நான் கேட்டேன், மாப்பிள்ளையும் வர்றாருதானே, அவரையும் கூட்டிட்டு வா கண்ணுன்னேன். வேற என்னங்க கேப்பேன்?

நின்னு போச்சு.

சிரிச்ச மூஞ்சி அப்படியே இருக்குது, வாய் பாதி தொறந்தபடி. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு ஆத்தரம். பொட்டிய ரெண்டு தட்டுத் தட்டுனேன். அசையல. சரி, இது இனி ஓடாதுன்னுட்டு ருக்குமணி பக்கம் திரும்பிப் பேசிட்டு இருந்தேன். அவதான் பக்கத்துல நின்னா.

என்ன பேசுனேன்னா, ஊட்டுப் பேச்சுத்தான். இவ வர வேண்டாம்னு சொன்னேன். தனியா வந்து மணையில நின்னா அத்தன ஒறம்பரையும் மாப்பிள்ள எங்க, மாப்பிள்ள எங்கன்னு கேக்கும், நான் எங்க போயி மூஞ்சிய வெச்சுக்கறது. லீவு கெடைக்கலைன்னு என்ர அண்ணன்கிட்டச் சொல்லிக்கறேன். இணைச்சீருக்குப் பங்காளி ஊட்டுப் பொண்ணு ஒருத்திய ஏற்கெனவே சொல்லி வெச்சாச்சு. வாழாம வந்தவ நின்னு செஞ்சா அந்தப் பையனுக்கு நல்லதா, நாளைக்கு ஒண்ணுன்னா நம்மளத்தான சொல்லுவாங்க. அங்கயே இருக்கட்டும், எனக்கு அதுதான் நிம்மதின்னேன். ஆத்தரத்துல சொன்னதுங்க. மனசுல இருந்து வந்ததில்ல. மெதுவாத்தான் சொல்லோணும்னு பாத்தேன், எனக்குத்தான் மெதுவா வராதே.

ருக்குமணி என்னமோ சாடை காட்டறா. கையக் கையக் காட்டறா, வாயப் பொத்திக் காட்டறா, ஸ்கிரீனக் காட்டறா. அதான் நின்னு போச்சே, அதுக்கென்ன இப்பன்னு நான் பேசி முடிச்சுட்டுத்தான் திரும்புனேன்.

அப்பப் பாத்தேனுங்க. படம் நின்னபடியே இருக்குது. அதே சிரிப்பு, அதே பாதி வாயி. ஆனா கண்ணுல இருந்து தண்ணி எறங்குது. ஒரு கண்ணுல மட்டும். கன்னத்துல எறங்கி, தாவாக்கட்டைக்கு வந்து, காப்பிக் கிளாசுக்குள்ளயே சொட்டுச்சு. அவ ஆடல. தண்ணி மட்டும் ஓடுது. அப்புறம் கட்டாயிருச்சு.

இது என்ன கோளாறுங்க? படத்துல ஒரு பக்கம் நின்னு ஒரு பக்கம் ஓடறது. சீலை ஆடுச்சு, சரி, அது தூரத்துல இருக்குது. இது மூஞ்சியிலயே. கிராபிக்ஸ் கார்டுன்னு ஒண்ணு சொல்றாங்களே, அதுவா இருக்குமுங்களா? கோயமுத்தூர்க் கடையில பெரிய பெரிய கம்பெனி மெஷினெல்லாம் வருதாம், அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

ஹா, எடுத்துட்டான் வண்டிய. மகராசன்.

அன்னைல இருந்து ஞாயித்துக்கிழமை வந்து வந்து போகுது, அவ வர்றதில்ல. நானும் சோறு உண்டுட்டு ஆன் பண்ணி வெச்சுட்டு உக்காந்திருக்கறேன். போன் அடிச்சா எடுக்கறதில்ல. வேல ஜாஸ்தியா இருக்கும். ருக்குமணி என்கூடப் பேசறதில்ல. சோத்த வெச்சுட்டு அடுப்படிக்குப் போயிர்றா. கேட்டா, ‘உங்க கம்ப்யூட்டர்கிட்டயே கேளுங்க’ங்கறா.

போன வாரம் அண்ணி ஊட்டுக்கு வந்துச்சு. நந்தகுமாரோட அம்மா. வந்த காலோட நின்னுட்டே கேக்குது, ‘ஏனுங்க கொழுந்தனாரே, எங்க புள்ளைக்குப் பதிலா எவளையோ நிறுத்தறதுக்கு நீங்க ஆரு?’ன்னு. ருக்குமணி எல்லாத்தையும் போய்ச் சொல்லியிருக்கறா. சொல்லோணும்னே இல்லையாம். மாப்பிள்ள பெங்களூருலதான் இருக்கறாருன்னு அவங்களுக்கு எப்பவோ தெரியுமாம். ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியுமாம். நான் சொல்ற பொய்யக் கேட்டுத் தலையாட்டிட்டு இருந்திருக்கறாங்க. நான் ஒருத்தன்தான் மூடி மூடி வெச்சுட்டுத் திரிஞ்சிருக்கறேன். ‘எம்பையன் சொல்லிட்டான், யமுனா வந்து நின்னாத்தான் மணையில உக்காருவேன்னு. அவ தனியா வந்தா என்ன, தங்கச்சிதானே’ன்னுட்டு அண்ணி தண்ணிகூடக் குடிக்காமப் போயிருச்சு.

வெக்கமாத்தான் இருந்துச்சு. ஆனா சொல்றேன் தம்பி, அது போன பொறகு நெஞ்சுல இருந்த கல்லு எறங்குனாப்புல இருந்துச்சு. அப்ப வரலாமே. எம்புள்ள வரலாமே. அரக்குச் சீல கட்டிட்டு அவ அந்த மணையில நிக்கறத நான் பாக்கலாமே. ரெண்டு வருசமாச்சுங்க அவள நேர்ல பாத்து.

அதச் சொல்லிப் போடோணும் அவகிட்ட. வா கண்ணு, தனியாவே வா, மாப்பிள்ளையப் பத்தி ஒரு வார்த்த பேச மாட்டேன்னு சொல்லிப் போடோணும். எம் மூஞ்சியப் பாத்துட்டே சொன்னாத்தான் நம்புவா. போன்ல பத்தாது. வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள இதச் சரி பண்ணிட்டா, நல்ல படமா வந்துட்டா, பேசீருவா. அதனாலதான் இன்னைக்கே பஸ் ஏறிட்டேன். இனியும் டிக்கெட் போடலைன்னா கல்யாணத்துக்கு வந்து சேர மாட்டா.

கிணத்துக்கடவுங்களா இது? ம். இன்னும் எத்தன தூரம் கெடக்குது.

சரி, இப்பக் கேக்கறேன். நீங்க இந்த வேலையில இருக்கறவரு, சரியாச் சொல்லோணும். படம் நின்னு போச்சுன்னா, நம்ம சத்தம் அந்தப் பக்கம் போகாதுதானுங்களே? படமும் சத்தமும் ஒரே வயருலதான வருது. படம் நின்னாச் சத்தமும் நின்னிருக்கோணுமில்ல?

இல்லீங்களா. அதெப்படி. ரெண்டும் தனித்தனியாவா போகும்?

எலிங்களா? அதான் சொன்னேனே, நகந்துச்சு. மணியும் ஓடுச்சு. ஆமா, சன்னல் சீலையும் ஆடுச்சு.

ஏனுங்க தம்பி, அப்படிப் பாக்கறீங்க? உடுமலைப் பையனும் இப்படித்தான் பாத்தான்.

அப்ப என்ன சொல்றீங்க, மெஷின் நல்லாருக்குதுங்கறீங்களா? வேண்டாம் தம்பி, அப்படிச் சொல்லாதீங்க. நீங்க தொறந்தே பாக்கல. மடியில மூடி வெச்சிருக்கறதப் பாத்துட்டு நல்லாருக்குதுன்னு எப்படிச் சொல்லுவீங்க? கோயமுத்தூர்ல பிரிச்சுப் பாப்பாங்க. ஒவ்வொண்ணாக் கழட்டிப் பாக்கட்டும், எத்தன நாளானாலும் ஆகட்டும். ஏதாச்சும் ஒண்ணு போயிருக்கும். போயிருக்கோணுமுங்க.

ஒண்ணும் போகலைன்னா, எம்புள்ள அன்னைக்கு அத்தனையும் கேட்டிருப்பா.